மாடி டாக்டரிடம் செல்லாத காப்பீட்டு அட்டை

எனக்கு வந்த நோய்க்குக் காய்ச்சல் கிடையாது, வீக்கம் கிடையாது. எக்ஸ்ரே எடுத்தாலும் தெரியாது. ஆனாலும் ஏழு மாதம் என்னை வேலைக்குப் போகவிடாமல், சோறு தின்னவிடாமல், என் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடக்கவிடாமல் பிடித்து வைத்திருந்தது. இப்போது வேலைக்குப் போகிறேன். முழுதாகக் குணமாகிவிட்டதென்று சொல்ல மாட்டேன். சொல்லும் அளவுக்குத் தெளிந்திருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

என் பெயர் முனிரத்தினம். வீடு ஓசூரில். வேலை பெங்களூரில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் உதிரிப் பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில். விடிகாலை முதல் பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் திரும்புவேன். நான் இன்ஸ்பெக்ஷன் மேஜைக்காரன். கடைசல் முடிந்து வரும் இரும்புப் பின்களை அளவு பார்க்கும் ஒரு கேஜில் விட்டுப் பார்ப்பது என் வேலை. கேஜின் ஒரு பக்கத்துத் துளையில் பின் நுழைய வேண்டும், மறு பக்கத்தில் நுழையக் கூடாது. நுழைந்து, நுழையாமல் இருந்தால் நல்ல பின். இல்லாவிட்டால் சிவப்புப் பெட்டி. ஒன்பது வருஷம் இதைச் செய்தேன். மேஸ்திரி என் பெட்டியைத் திரும்பப் பார்த்ததே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது, அத்திப்பள்ளி தாண்டி எங்கள் பஸ் நின்றுவிட்டது. முன்னால் போன ஒரு பஸ் சாலையோர வயலில் கவிழ்ந்து கிடந்தது. எல்லோரும் இறங்கினோம். கொஞ்ச நேரத்தில் கண்டக்டர் விசில் அடித்தார், ஏறினோம், போய்விட்டோம். அந்தக் கொஞ்ச நேரத்தில் நடந்ததைப் பின்னால் சொல்கிறேன். அன்றைக்கு அதை நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"சக்கரத்துப் பின்னு ஒடிஞ்சு போச்சாம்பா. அதான் கவுந்துடுச்சு."

அவ்வளவுதான். அன்றைக்கு மேஜையில் முதல் பின்னைக் கேஜில் விட்டேன். சரியாக இருந்தது. நல்ல பெட்டியில் போட்டேன். போட்ட கையோடு, நிஜமாகவே சரியாக இருந்ததா என்று தோன்றியது. எடுத்துத் திரும்ப விட்டேன். சரி. மூன்றாம் முறை விட்டேன். அன்று வேலை முடியும் சங்கு ஊதும்போது என் மேஜையில் பின்கள் மலையாகக் குவிந்திருந்தன. பார்த்து முடித்து அனுப்பிய பெட்டியோ ஒன்றே ஒன்று.

உடைந்த பின் எங்கள் தொழிற்சாலைப் பின் இல்லை என்று மேஸ்திரி விசாரித்துச் சொன்னார். நம்பினேன். நம்பியும் கை நிற்கவில்லை. பிறகு அது மேஜையை விட்டு வீட்டுக்கு வந்தது. கதவைப் பூட்டினேனா, அடுப்பை அணைத்தேனா. எங்கள் சென்னை மாகாணப் பக்கம் மதுவிலக்கு, பெங்களூர் இருக்கும் மைசூர் பக்கம் கிடையாது. எல்லைச் சாவடியில் போலீஸ் ஏறிப் பைகளைத் தடவுவார்கள். என் பையில் யாராவது பாட்டிலைச் செருகியிருப்பார்களோ என்று பெங்களூரில் ஏறியதிலிருந்து சாவடி வரைக்கும் பையைத் திறந்து திறந்து மூடுவேன். அதைப் பார்த்தே போலீஸ்காரர் என்னைத்தான் முதலில் இறக்குவார்.

என் மனைவி நாகம்மா முதலில் சிரித்தாள், பிறகு திட்டினாள், பிறகு பழகிக்கொண்டாள். நான் கதவருகே நின்றால் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பாள்: "பூட்டிக்கினுதான் இருக்குது. பூட்டிக்கினுதான் இருக்குது. பூட்டிக்கினுதான் இருக்குது." மூன்று முறை சொன்னால்தான் நான் நகர்வேன். அப்படி அவளும் என்னோடு உள்ளே மாட்டிக்கொண்டாள்.

தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் அப்போதுதான் பெங்களூருக்கு வந்திருந்தது. சம்பளத்தில் சந்தா பிடித்துக்கொண்டு ஓர் அட்டை தந்திருந்தார்கள். நோய் வந்தால் மருந்து இலவசம், ஆஸ்பத்திரிக் கட்டில் இலவசம், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. அதற்கும் வருஷத்துக்கு இத்தனை வாரம்தான் என்று கணக்கு உண்டு. டிஸ்பென்சரி தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. ஓசூரில் அது செல்லாது. வேலைக்குப் போக முடியாமல் நான் படுத்திருப்பது ஒரு மாகாணத்தில், என் அட்டைக்கு உயிர் இருப்பது இன்னொன்றில். ஒவ்வொரு வாரமும் நேரில் போய்ச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவன் எப்படிப் போவான் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

டிஸ்பென்சரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயது, கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். முதல் இரண்டு முறை இரும்புச்சத்து டானிக் கொடுத்தார். மூன்றாம் முறை, பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் அட்டையை உறையிலிருந்து எடுத்துப் பார்ப்பதையும் வைப்பதையும் கதவிடுக்கு வழியாகக் கவனித்திருக்கிறார்.

"அட்டையில என்ன பார்க்கறீங்க?"

"என் பேரு இருக்குதான்னு பார்த்தேங்க."

"இருக்கா?"

"இருக்குதுங்க."

"அப்புறம் ஏன் மறுபடியும் பார்க்கறீங்க?"

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "இதுக்கு அப்ஸெஷன்னு பேரு. ஒரு நினைப்பு வந்து மனசுல மாட்டிக்கும். அது அர்த்தமில்லாததுன்னு உங்களுக்கே தெரியும், ஆனா விட முடியாது. பைத்தியம் பிடிச்சவனுக்குத் தனக்குப் பைத்தியம்னு தெரியாது. உங்களுக்கு எல்லாம் தெரியுது. அதுதான் உங்க கஷ்டம்."

மூன்று மாதமாக யாரும் எனக்குச் சொல்லாத சொல் அது. வெளியே பெஞ்சில் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். இருந்தும் அவர் அவசரப்படவில்லை. இரண்டு வழி உண்டு என்றார். ஒன்று, ஊருக்கு வெளியே மனநோய்க்கென்று இருக்கும் ஆஸ்பத்திரி. காப்பீட்டுக்காரர்களுக்குச் சில கட்டில்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், ஒரு காசு செலவில்லை. இன்னொன்று, கண்டோன்மெண்டில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு டாக்டர். மருந்தை நம்பாமல் பேச்சாலேயே வைத்தியம் செய்பவர். ஒரு மணி நேரத்துக்குப் பத்து ரூபாய்.

"பேசறதுக்கா பத்து ரூபா?" என்றேன்.

"நீங்க பேசுவீங்க. அவர் கேட்பார்."

"அதுக்கு அட்டை செல்லுங்களா?"

அவர் மேஜையிலிருந்த படிவத்தைத் திருப்பிக் காட்டினார். மருந்துக்கு ஒரு கட்டம், ஊசிக்கு ஒரு கட்டம், அறுவைக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. பேச்சுக்குக் கட்டம் இல்லை. பத்து ரூபாய் என்றால் அன்று எனக்கு மூன்று நாள் கூலி. ஆஸ்பத்திரிக்கே எழுதச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மரங்கள் நிறைந்த இடம். சோறு சூடாக இருந்தது. கன்னடக்கார வார்டு ஊழியர் தினமும் "ஊட்டா ஆய்த்தா?" என்று சாப்பிட்டேனா என விசாரிப்பார். ஆனால் வார்டுக் கதவு வெளியிலிருந்து பூட்டப்படும். அவர் சாவியைத் திருப்புவார், ஒரே ஒரு முறை இழுத்துப் பார்ப்பார், போய்விடுவார். ஒரே முறை! உள்ளே மாட்டிக்கொண்டவன் நான். ஆனாலும் கம்பிக்குப் பின்னால் நின்று அவர் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

மின்சார வைத்தியம் கொடுத்தார்கள். நெற்றிப்பொட்டில் இரண்டு பக்கமும் தகடு வைத்து ஒரு நொடி மின்சாரத்தைச் செலுத்துவது. சோர்ந்து கிடப்பவர்கள் பலர் அதில் எழுந்து உட்கார்ந்ததை நானே கண்டேன். எனக்கு ஒவ்வொரு முறையும் தலைவலியோடு ஏதாவது மறந்தது. ஒரு நாள் நாகம்மாவின் சொந்த ஊர் பெயர் வரவில்லை. அவள் கூடையோடு எதிரே நிற்கிறாள், நான் வாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். "தளி பக்கம்" என்று அவளே மெல்லச் சொன்னாள். ஊர் மறந்தது. இரும்புப் பின் மட்டும் மறக்கவில்லை.

அடுத்த கட்டிலில் ஆரோக்கியசாமி என்று கிருஷ்ணகிரித் தையற்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கும் என் மாதிரி நோய்தானாம். கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்து போனவர். வேறோர் இடத்தில் அவருக்கு மூளையில் அறுவை செய்திருந்தார்கள். இப்போது கழுவுவதில்லை. உட்காரச் சொன்னால் உட்காருவார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். அவர் மனைவி மேரியம்மா ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பஸ் பிடித்து வந்து, அவருக்குத் தலை வாரிவிட்டு, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆறாவது வாரம் பெரிய டாக்டர் நாகம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். மின்சாரத்துக்கு நோய் மசியவில்லை, கடைசி வழியாக அறுவையை யோசிக்கலாம் என்றார். மூளையின் முன்பக்கத்தில் கவலையைக் கொண்டுபோகும் இழைகளை வெட்டிவிடுவது. சிலருக்கு நன்றாகப் பலித்திருக்கிறது, சிலருக்குச் சுபாவம் மந்தமாகலாம், செலவு முழுவதும் காப்பீடே ஏற்கும் என்று பொறுமையாகவே விளக்கினார். சம்மதப் படிவத்தையும் நீட்டினார்.

நாகம்மா படிவத்தை வாங்கிக்கொண்டு நேராக மேரியம்மாவிடம் போனாள். நான் அங்கேதான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, இவருக்கு இப்போ எப்படி இருக்குது?"

"தொந்தரவு ஒண்ணும் இல்லம்மா. கழுவறது நின்னு போச்சு."

"உங்ககிட்டப் பேசறாரா?"

மேரியம்மா சீப்பை மடியில் வைத்தார். "என்ன கேட்டாலும் சரிங்கறாரு. போன மாசம் பெரியவளுக்கு நிச்சயம் பண்ணிட்டோம்னு சொன்னேன். சரின்னாரு. மாப்பிள்ளை யாருன்னு கேக்கலம்மா."

நாகம்மா படிவத்தை மடித்தாள். பிறகு என் முன்னால் வந்தாள். "உங்களுக்கு என்னா தோணுது?"

எனக்கு என்ன தோன்றியது? வெட்டட்டும் என்று தோன்றியது. அப்படியாவது நின்றால் போதும். அதே நொடியில், வெட்டியது சரியாக வெட்டப்பட்டதா என்று யார் பார்ப்பார்கள் என்றும் தோன்றியது. அதை வெளியே சொல்லிவிட்டேன். நாகம்மா சிரித்துவிட்டாள். அந்த வார்டில் ஆறு வாரத்தில் கேட்ட முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுதாள்.

பெரிய டாக்டரிடம் போய்ப் படிவத்தைத் திருப்பி வைத்தாள். "என்கிட்ட மூணு வாட்டி கேக்கற மனுசன் போதுங்க எனக்கு. ஒரு வாட்டிகூடக் கேக்காத மனுசன் வேணாங்க."

அவர் கோபிக்கவில்லை. இதற்கு மேல் தாங்கள் செய்ய எதுவும் இல்லை என்று எழுதி அனுப்பிவைத்தார்.

அன்றைக்கே அவள் என்னைக் கண்டோன்மெண்டுக்கு அழைத்துப்போனாள். ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் அந்த டாக்டரின் அறை. அதனால் நாங்கள் அவரை மாடி டாக்டர் என்றே சொல்வோம். வயதானவர், யுத்தகாலத்தில் ராணுவ ஆஸ்பத்திரியில் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். நாகம்மா நின்றபடியே பேரம் பேசினாள்.

"ஏழு ரூபா தர்றேங்க. வாரத்துக்கு ஒரு வாட்டி. அதுக்கு மேல எங்களால ஆவாது."

அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் எந்த வாரமும் இனாமாகப் பார்க்க மாட்டேன் என்றார். "இனாம்னா இவர் எனக்கு நல்லவரா நடந்துப்பார். காசு குடுத்தா நிஜத்தைச் சொல்லுவார்." அது எவ்வளவு உண்மை என்று எனக்கு இன்றும் தெரியாது.

ஏழு ரூபாய்க்கு நாகம்மா பட்டுப்புழு வளர்த்தாள். தளிப் பக்கத்திலிருந்த அவள் அண்ணன் முட்டையும் மல்பெரித் தழையும் அனுப்பினார். இருந்தது ஒரே அறை. அதில் முக்கால்வாசி மூங்கில் தட்டுகள். நடுவில் என் பாய். ஆயிரக்கணக்கான புழுக்கள் தழை தின்னும் சத்தம் தூறல் விழுவதுபோல ஓயாமல் கேட்கும். புழுக்களுக்கு நேரத்துக்குத் தழை போட வேண்டும், தட்டைத் துடைக்க வேண்டும். என்னைத் தொடவிட மாட்டாள். நான் ஒரு தட்டைத் துடைத்து முடிப்பதற்குள் மற்ற தட்டுகள் பட்டினி கிடக்கும். அவள் விரல்கள் தழைச்சாறு ஏறிக் கறுத்துப் போயின. அந்த விரல்களால் என் சட்டைப் பையில் ஏழு ரூபாயை வைத்துவிடுவாள்.

அரைச் சம்பளம் வருவதற்கு வாராவாரம் சான்றிதழ் வேண்டும். மாடி டாக்டர் கையெழுத்து காப்பீட்டில் செல்லாது. டாக்டரம்மாதான் எழுதினார்: நரம்புத் தளர்ச்சி, ஓய்வு தேவை. உள்ளபடி எழுதினால் தொழிற்சாலை டைம் ஆபீஸில் படிப்பார்கள், திரும்பச் சேர்த்துக்கொள்வது கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். என் நோய் விடுமா? பாதி வழியிலிருந்து திரும்பி ஓடி வந்தேன்.

"இதுல எழுதியிருக்கறது நிஜந்தானுங்களா?"

"பொய் இல்லை. முழுசும் இல்லை," என்றார்.

"முழுசா எழுதிக் குடுத்துடுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "முனிரத்தினம், நான் முழுசா எழுதினா உங்க வீட்டுல அடுப்பு எரியாது. இதைக் கொண்டுபோய்க் குடுங்க."

அந்த வாரம் முழுவதும் அந்தக் காகிதமே தலைக்குள் சுற்றியது. தப்பான பின்னை ஒன்பது வருஷம் கடக்கவிடாதவன், முழுசாக இல்லாத ஒரு காகிதத்தில் சோறு தின்றேன்.

மாடி டாக்டரிடம் முதல் நாலு வாரம் பின்னைத் தவிர வேறெதையும் பேசவில்லை. கேஜ் எப்படி வேலை செய்யும் என்று விரிவாகச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கேட்டார். சுவரில் கடிகாரம். ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் நாகம்மாவின் விரல்கள் நினைவுக்கு வரும். பேசினால் காசு போகிறது, பேசாவிட்டாலும் காசு போகிறது. அந்த அறைக்குப் பூட்டு இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரி வார்டைவிட அதற்குள்தான் எனக்கு அதிகம் மூச்சு முட்டியது.

ஐந்தாவது வாரம் அவர் முதல்முறையாக ஒரு கேள்வி கேட்டார்.

"பஸ் நின்னப்போ எல்லாரும் இறங்கினீங்க, சரி. இறங்கி, நீங்க எங்க நின்னீங்க?"

கடிகாரம் ஓடியது. அவர் திரும்பக் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து என் வாயே தானாகச் சொன்னது.

கவிழ்ந்த பஸ்ஸின் பின்பக்கம் நின்றேன். அங்கே படிக்கட்டுக்கு அடியில் ஒருவர் இடுப்புவரை மாட்டிக் கிடந்தார். என் வயதிருக்கும். முகத்தில் காயமே இல்லை. என்னைப் பார்த்துத் தெலுங்கில் "நீள்ளு" என்றார். தண்ணீர். என் கூஜாவில் பாதி தண்ணீர் இருந்தது. குனியப் போனேன். அவர் என் காலைப் பிடித்துக்கொண்டார். பயத்தில் உதறிவிட்டேன். விசில் கேட்டது. ஓடிப் போய் ஏறிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தக் கூஜாத் தண்ணீரை முற்றத்தில் கொட்டினேன்.

சொல்லி முடித்ததும் அவர் ஆறுதல் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "கஷ்டமான விஷயம்," என்றார். அவ்வளவுதான். நான் மேஜையில் தலையை வைத்து அழுதேன். ஒரு மணி நேரம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

அதோடு சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அந்த வாரம்தான் மிக மோசம். பூட்டை இருபது முறை இழுத்தேன். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. இழுக்கும்போது இரும்புப் பின்னின் நினைவு வரவில்லை, அந்த மனிதர் முகம் வந்தது. மாடி டாக்டர் சொன்னார்: "பின்னைத் திரும்ப எடுத்துப் பார்க்க முடியும். அந்தச் சாயங்காலத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அதனாலதான் பின்னைப் பார்த்துக்கிட்டே இருக்கீங்களோ என்னமோ."

அன்று ஊர் திரும்பும் பஸ்ஸில் நாகம்மாவிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள்.

"செத்துட்டாரா அந்த ஆளு?"

"தெரியல."

"இத்தினி நாளு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ என்னை என்னா நெனப்பேன்னு."

"ஓடியாந்துட்டீங்கன்னு நெனப்பேன். ஓடித்தானே வந்தீங்க?" என்றாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

அவரைத் தேட வேண்டும் என்று மாடி டாக்டரிடம் சொன்னேன். "ஒரே ஒரு முறை விசாரிங்க. என்ன பதில் வந்தாலும் இரண்டாம் முறை கிடையாது," என்றார். ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். அன்றைக்கு அடிபட்டவர்களை எல்லாம் பெங்களூருக்கு அனுப்பிவிட்டோம், பெயர் இங்கே இல்லை என்று கம்பவுண்டர் சொன்னார். சரி என்று வந்துவிட்டேன். அவர் இருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கப் பழகுவதுதான் மீதி வாரங்களின் வைத்தியமாக இருந்தது. மருந்தைவிடக் கசப்பு அது.

காப்பீட்டு வாரங்கள் தீர்ந்தபோது நான் பாதிதான் தேறியிருந்தேன். இருந்தும் டாக்டரம்மா வேலைக்குத் தகுதி என்று எழுதினார். எழுதாவிட்டால் வேலை போய்விடும். இன்ஸ்பெக்ஷன் மேஜை வேண்டாமென்று நானே கேட்டு, ஸ்டோர்ஸுக்கு மாற்றிக்கொண்டேன். கூலி குறைவு. சாக்கும் எண்ணெய் டின்னும் எண்ணிக் கொடுக்கும் வேலை. சில நாள் இரண்டாம் முறை எண்ணுவேன். மூன்றாவது தோன்றும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன். கொஞ்ச நேரம் முரண்டு பண்ணிவிட்டு அந்த நினைப்பு போகும். மாதம் ஒரு முறை இன்னும் மாடி ஏறுகிறேன். நாகம்மாவின் புழுக்கள் இன்னும் தழை தின்கின்றன.

போன மாதம் கிரேன் ஓட்டும் வெங்கடேசப்பா ஸ்டோர்ஸுக்குக் கையுறை வாங்க வந்தார். நாற்பது வயது, ஆஜானுபாகு, என்னோடு அதிகம் பேசியதில்லை. கையுறையை வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"அண்ணே, நீங்க ஒரு டாக்டர்கிட்டப் போனீங்களாமே. பேசற டாக்டர்."

எனக்கு முகம் சுட்டது. நரம்புத் தளர்ச்சி என்று எழுதியதை ஒருவரும் நம்பவில்லை போலிருக்கிறது. "யாருக்குக் கேக்கறீங்க?" என்றேன்.

"எங்க மச்சானுக்குண்ணே. மேல ஏறுனா கை நடுங்குதாம். கீழ நிக்கறவங்க மேல சரக்கை விட்டுடுவேன்னு தோணுதாம். மூணு மாசமா வீட்டுல யார்கிட்டயும் சொல்லல."

"என்னா வேலை பண்றாரு மச்சான்?"

அவர் கையுறையை விரல் விரலாக இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். "காப்பீட்டுல வருமா அது?"

"வராது," என்றேன். "ஆனா டிஸ்பென்சரியில ஒரு டாக்டரம்மா இருக்காங்க. மொதல்ல அவங்ககிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்க. அவங்க எழுதித் தர்றதை நாலு வாட்டிப் படிக்க வேணாம்னு சொல்லுங்க. காசுக்கு என்னா பண்றதுன்னு எங்க வீட்டுக்காரி சொல்லுவா. மாடிப்படி கொஞ்சம் செங்குத்தா இருக்கும்."

அவர் தலையாட்டினார். சங்கு ஊதியது. கிரேன் பக்கம் யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மச்சானைத் தனியா அனுப்பாதீங்க," என்றேன். "சனிக்கிழமை ஷிப்டு முடிஞ்சதும் வாசல்ல நில்லுங்க. நான் கூட்டிக்கினு போறேன் உங்களை."

உங்களை என்று சொல்லிவிட்டதை இருவருமே கவனித்தோம். அவர் திருத்தவில்லை.